ஆடிக்காற்றில் படகை நிறுத்த இரண்டு கம்புகள்

1

இன்று காலை இங்கே, பஹ்ரைனில், ஒரு படகின் பின்பக்கத்தில் இரண்டு கம்புகள் பொருத்திக் கொடுத்தேன். படகுக்காரர் வந்தார். உள்ளங்கையில் அடங்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். மடங்கிக் கிடந்த கம்புகள் இரண்டும் எழுந்து பின்னால் சாய்ந்து தரையைத் தொட்டன. இன்னொரு தடவை அமுக்கினார், மடங்கிக்கொண்டன. தலையை ஆட்டிவிட்டு, படகை வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கடலில் இறக்கியிருப்பார். கம்பைத் தண்ணீருக்குள் குத்தி நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டிருப்பார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். இதே வேலையை, இதே கையால், இந்த ஆடி மாதம் மதுரைப் பக்கத்தில் எங்கள் ஊரில் செய்தேன். அதற்கு இரண்டு ஊர் கூடியது. போலீஸ் வந்தது. தாசில்தார் கூட்டம் போட்டார். ஐப்பசி பிறந்துவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அந்தக் கூட்டத்திலும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

பஹ்ரைனுக்கு நான் என் மனைவியின் பின்னால் வந்தவன். அவள் நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஊரில் பம்புசெட் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் அத்தை மகள். சின்ன வயதில் பெரியவர்கள் பேசி வைத்ததை, அவள் படித்த பிறகும் மாற்றவில்லை. இங்கே வந்து ஃபைபர் படகு செய்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். என் அடையாள அட்டையில் தச்சு வேலைக்காரன் என்று போட்டிருக்கிறது. ஒரு மரத்தையும் நான் அறுத்ததில்லை. அந்தப் பிரிவில்தான் விசா காலியாக இருந்ததாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை விசா புதுப்பிக்க ரத்தமும் விரல் ரேகையும் கொடுத்து, நான் தச்சன்தான் என்று கையெழுத்துப் போட்டு வருகிறேன்.

பட்டறையில் நான் பேசுவது எந்த மொழி என்று எனக்கே தெரியாது. பாதி மலையாளம், கொஞ்சம் இந்தி, மிச்சம் அரபி. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, ரசம் இல்லையா என்பதற்கு ‘ரசம் மாஃபியா’ என்று கேட்டுவிடுகிறேன்; அரபியில் இல்லை என்பதற்கு மாஃபி. மனைவி சிரிப்பாள். மகள் பிரியா சிரிக்க மாட்டாள், அவளுக்கு அந்தக் கலப்புப் பேச்சுதான் இயல்பு. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஊருக்குப் போன் போட்டால் என் அக்காவிடம் ‘நல்லா இருக்கேன் அத்தை’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டிவிடுவாள்.

இங்கே கரையோரக் கடல் ஆழம் குறைவு. நங்கூரம் போட்டால் அது பிடிக்கும், ஆனால் கயிறு எம்புட்டு நீளமோ அந்த வட்டத்துக்குப் படகு சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்காக அமெரிக்காவிலிருந்து இந்தக் கம்புகள் வருகின்றன. படகின் பின்பலகையில் திருகி வைக்கும் இரண்டு அலுமினியக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கட்டைவிரல் தடிமனில் ஒரு ஃபைபர் கம்பு. பொத்தானை அமுக்கினால் எண்ணெய் அழுத்தத்தில் கை நீளும், கம்பு சேற்றில் குத்தி நிற்கும், படகு அசையாது. ஆளுயரத் தண்ணீர் வரைக்கும் வேலை செய்யும். மடங்கி நிற்கும்போது பார்க்கக் கொக்கு மாதிரி இருப்பதால் பட்டறையில் இதற்குக் கொக்கு என்றே பெயர்.

3

அக்கா பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் சின்னக்காளை, என் மச்சான். செல்லூரில் விசைத்தறி ஓட்டியவர். தறியில் வலது கை மாட்டி, எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. அதன் பிறகு பரவைக்கு வடக்கே எங்கள் ஊருக்கு வந்து கண்மாயில் மீன் பிடிக்க ஆரம்பித்தார்.

எங்கள் கண்மாய் இரண்டு ஊருக்குப் பொது. கீழ்க்கரை நாங்கள், எதிர்க்கரையில் மேல்கரை. மீனில் ஆளுக்குப் பாதி. அவரவர் பாதியைப் பிடிக்க அவரவர் ஊர் ஓர் ஆளை நியமிக்கும். கீழ்க்கரைக்கு மச்சான். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகு கொண்டுவந்து வைத்திருந்தார்.

வலையை இடது கையாலும் வலது முழங்கையாலும் பல்லாலும் எடுத்துவிடுவார், அதைப் பார்த்தால் கையில் குறை இருப்பதே தெரியாது. படகைப் பிடிப்பதுதான் முடியாது. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கண்மாய் பெருகும் நேரமும், ஆடிக்காற்று அடிக்கும் நேரமும் ஒன்று. மூங்கிலைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்காவிட்டால் படகு வலையை விட்டு விலகி ஓடிவிடும். முதலில் அவருடைய அண்ணன் பிடித்தார். அவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். பிறகு அக்கா பிடித்தாள். போன வருஷம் படகுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது, இனிமேல் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூலிக்கு வருகிற ஆள் பெயிண்ட் அடிக்கப் போனால் நிழலில் நிற்கலாமே என்று இரண்டாம் நாள் வராமல் நின்றுவிடுவான்.

படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் படகு இறங்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். மச்சான் போனில் என்னிடம் இதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“கை போனது கூடப் பெருசில்ல மாப்ள. படகைப் பிடிக்க ஆளில்லாம கரையில உக்காந்திருக்கேன் பாரு, அதான் கேவலமா இருக்கு.”

4

பட்டறையில் ஒரு படகுக்காரர் பழைய கம்புகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றை மாட்டிக்கொண்டார். பழையவை மூலையில் கிடந்தன. முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். ஜூலையில் பள்ளிக்கூட விடுமுறை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பிரியாவும் கிளம்பினோம். கம்புகளைப் போர்வையில் சுற்றி, கட்டி, ஏற்றினேன்.

இறங்கிய விமான நிலையத்தில் பிரித்துப் போட்டார்கள். இது ஈட்டியா என்று கேட்டார் ஒருவர். மீன் குத்துவதா என்றார் இன்னொருவர். படகை நிறுத்துவது என்று தமிழில் சொன்னேன். படகு எங்கே என்றார். கண்மாயில் என்றேன். மதுரையில் ஏது படகு என்று சிரித்தார்கள். தலையைக் குனிந்து நின்றேன். என்னைத் தாண்டி முன்னால் வந்து பிரியா இங்கிலீஷில் நாலு வாக்கியம் பேசினாள். அதிகாரி உடனே அவளை ‘மேடம்’ என்றார். பதினைந்து வயதுப் பிள்ளையை. போர்வையை அவரே சுற்றிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில், தமிழ் பேசுகிற அதிகாரியிடம், என் தமிழ் செல்லவில்லை. இது எனக்கு அவமானமா, அவருக்கா என்று பஸ்ஸில் மதுரை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். அவருக்குத்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

5

படகின் பின்பலகை மெலிசு, சாய்வும் அதிகம். அப்படியே திருகினால் காற்று இழுக்கிற இழுப்பில் போல்ட்டோடு பலகை பிய்ந்து வந்துவிடும். உள்பக்கம் ஒரு தகடு கொடுத்து, வெளிப்பக்கம் சாய்வைச் சரிசெய்ய ஆப்பு மாதிரி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். செல்லூரில் மச்சானுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனோம். அதை நடத்துகிறவர் சௌராஷ்டிரர். உள்ளே இருந்த தம்பியிடம் அவர்கள் மொழியில் என்னவோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “கோவிச்சுக்காதீகண்ணே, படகுக்கும் ஊன்றுகோல் வந்திருச்சான்னு கேட்டேன்” என்றார். மச்சானும் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அலுமினியத்தில் தகடும் ஆப்பும் அளவு பிசகாமல் கடைந்து கொடுத்தார்.

மறுநாள் கண்மாய்க் கரையில் வேலை. துளை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஃபைபரின் மேல்பூச்சு சிதறும். பக்கத்துக்கு நான்கு துளை. ஒவ்வொரு துளையின் வாயையும் லேசாகச் சாய்த்துவிட்டு, உள்ளே பசை நிரப்பி, போல்ட்டை விட்டேன். முதலிலேயே முறுக்கக்கூடாது, முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும். பாதி இறுக்கி, காயவிட்டு, பிறகு முழுதும். கம்புகளின் பாரத்தில் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. அதைச் சரிக்கட்ட டிராக்டர் பேட்டரியை முன்பக்கம் வைத்து வயரைப் பக்கவாட்டில் இழுத்தேன். எண்ணெயும் டிராக்டருக்கு ஊற்றுகிறதுதான்.

மச்சானுக்குப் பொத்தானை இடது கையில் பழக்கினேன். பழக்க ஒன்றுமில்லை. அமுக்கினால் இறங்கும், அமுக்கினால் ஏறும்.

6

வெள்ளிக்கிழமை காலையில் படகை இறக்கினோம். புது வண்டி வாங்கினாலும் பழைய மோட்டாருக்குப் புது காயில் கட்டினாலும் எங்கள் வீட்டில் மஞ்சள் துணி கட்டாமல் ஓட்ட மாட்டார்கள். அக்கா கம்பு ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணி சுற்றி, மாவிலை செருகி, பொட்டு வைத்தாள். சூடம் காட்டினாள். மச்சான் தனியாக ஏறினார்.

இடது கையால் துடுப்புப் போட்டு நடுக் கண்மாய்க்குப் போனதும் காற்று படகைத் திருப்பியது. அவர் அமுக்கினார். கம்புகள் இறங்கின. படகு ஒரு முறை குலுங்கி நின்றது. தண்ணீர் அலையடித்து இரண்டு பக்கமும் ஓடுகிறது, படகு நிற்கிறது. மச்சான் எழுந்து நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். பிறகு வலையை இழுக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். படகில் அவர் பீடி குடித்து யாரும் பார்த்ததில்லை, அதற்குக் கை ஏது.

அங்கிருந்தே கத்தினார். “ஏ பேச்சி, வீட்டுக்குப் போ. உன் வேலை போயிருச்சு.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. பிரியா கூடக் கைதட்டினாள்.

7

எதிர்க்கரையில் ஆட்கள் சேர்வதை நான்தான் முதலில் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்மாய்க்குள் ஒரு கருப்பசாமி உண்டு. முன்பெல்லாம் திருவிழாவுக்கு முன்னால் தண்ணீருக்குள் முகூர்த்தக்கால் ஊன்றுவார்கள். மூங்கிலில் மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி. எந்த ஊர்க் கை முதலில் பிடிப்பது என்று சண்டை வந்து மண்டை உடைந்தது. அதிலிருந்து இரண்டு ஊரும் ஊன்றக்கூடாது என்று பேச்சு. திருவிழாவே நின்றுபோய், பிரியாவின் வயதுப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அக்கா வண்டிக்குக் கட்டுகிற நினைப்பில் கட்டினாள். மேல்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு, ஆடி வெள்ளியில், நடுத் தண்ணீரில், மஞ்சள் துணியும் மாவிலையுமாக இரண்டு கம்புகள் தெரிந்தன. அவ்வளவுதான்.

கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்த ஊர்த் தலைவர் ஒச்சப்பன். மச்சானோடு சேர்ந்து செல்லூரில் தறி ஓட்டியவர்தான். தண்ணீரில் நின்ற மச்சானைப் பார்த்துக் கரையிலிருந்து கத்தினார்.

“யாரைக் கேட்டு சின்னக்காளை கால் ஊன்றுன?”

“அண்ணே, இது சாமிக்கால் இல்ல. படகோட கம்பு. படகு நிக்கிறதுக்கு.”

“மஞ்சத்துணி எதுக்கு? மாவிலை எதுக்கு? படகு என்ன வயசுக்கு வந்திருச்சா?”

எங்கள் பக்கத்து ஆட்களே சிரித்தார்கள். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேசிப் பயனில்லை, காட்டிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் பார்க்கப் பொத்தானை அமுக்கினார். கம்புகள் இரண்டும் சேற்றைப் பிய்த்துக்கொண்டு, துணியும் இலையும் தொங்க, தண்ணீர் சொட்ட மேலே வந்தன.

மேல்கரைப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். யாரோ சொன்னார்கள்: “ஊன்றுன காலப் பிடுங்கிட்டான்.”

ஊன்றியது ஒரு குற்றம். ஊன்றியதைத் திருவிழா முடியாமல் பிடுங்கியது அதைவிடப் பெரிய குற்றம். இனி மழை பெய்யாது, மாடு சாகும், எல்லாம் சின்னக்காளையின் தலையில். எங்கள் ஊர்க்காரர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அவர்களுக்கும் அது படகின் கம்புதான். பிடுங்கியதைக் கண்ணால் பார்த்ததும் அவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மத்தியானம் போலீஸ் வந்தது. இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

8

சமாதானக் கூட்டம் தாலுகா அலுவலகத்தில். படகை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தாசில்தார் வெளியே வந்து பார்த்தார். பொத்தானைக் கேட்டு வாங்கி அமுக்கினார். கம்பு இறங்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏற்றினார், இறக்கினார். இன்ஸ்பெக்டர் அமுக்கினார். ஜீப் டிரைவர் அமுக்கினார். அலுவலகத்துப் பெண்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. இது இயந்திரம், சாமி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.

உள்ளே போனதும் மனுஷர் மாறிவிட்டார். யார் இதைப் பொருத்தியது என்றார். எழுந்தேன். என்ன படித்திருக்கிறாய் என்றார். ஐந்தாவது என்றேன். நீர்நிலைக்குள் கம்பம் ஊன்ற யாரிடம் அனுமதி வாங்கினாய் என்றார். அரபிக்காரன் முன்னால் நிற்கும்போது வருகிற பயம் வேறு, இது வேறு. அங்கே எனக்கு மொழி தெரியாது என்று ஒரு சாக்கு உண்டு. இங்கே அதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் எழுந்தார். “ஐயா, நான் ஊன்றல. படகை நிறுத்துறேன். என் அண்ணன் மூங்கிலை வச்சுப் பிடிச்சான், பெறகு என் பொஞ்சாதி பிடிச்சா. அப்பல்லாம் யாரும் கேக்கல. எனக்குக் கை இல்லைன்னு இது பிடிக்குது. அம்புட்டுத்தான்.”

கண்மாயில் எதையும் ஊன்றுவது ஆக்கிரமிப்பில் சேரும், மேலிடத்து உத்தரவு கடுமையாக இருக்கிறது என்றார் தாசில்தார்.

“அப்ப மேக்க, கண்மாய்க்குள்ள மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வரிசையா கல்லு நட்டிருக்கே, பிளாட்டுன்னு. அது?”

“அது தனி ஃபைல்.”

அந்த பிளாட்டுக்காரர் அதே கூட்டத்தில், முன்வரிசையில், இரு ஊர் நலம் விரும்பி என்ற பெயரில் உட்கார்ந்திருந்தார். அவர் அசையவே இல்லை. அசைய என்ன அவசியம்? முழங்கால் தண்ணீரில் அவருடைய கற்கள் நிற்கின்றன, பொத்தானை அமுக்கினால் அவை மேலே வராது. அவை யார் கண்ணுக்கும் ஆக்கிரமிப்பாகத் தெரியவில்லை. சாமிக்குத்தமாகவும் தெரியவில்லை. மேல்கரை ஆட்களும் அந்தக் கல்லைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் மாடு குளிப்பாட்டுகிறார்கள். எங்கள் ஆட்களும்தான். அந்தக் கல்லுக்கு எதிராக ஒரு நாள் கரையைச் சுற்றி வந்தார்களா? இரண்டு கட்டைவிரல் தடிமன் கம்புக்கு வந்தார்கள்.

முடிவு எழுதினார்கள். எந்தத் தரப்பும் எவ்விதக் கம்பத்தையும் கண்மாயில் ஊன்றக்கூடாது. படகின் கம்புகள் மறு உத்தரவு வரை வி.ஏ.ஓ. பொறுப்பில் இருக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். நகல் ஒன்று கொடுத்தார்கள். அந்தத் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தேன், எழுத்து தெரிந்ததே தவிர அர்த்தம் பிடிபடவில்லை. கூட வந்திருந்த பிரியாவிடம் நீட்டினேன், அவளுக்கு எழுத்தே தெரியாது.

டீ வந்தது. ஒச்சப்பனும் எங்கள் தலைவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு குடித்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு ஊரும் ஒன்றில் உடன்பட்டது அன்றைக்குத்தான். அது என் மச்சானின் பிழைப்பைப் பறிக்கும் விஷயமாக இருந்தது. ஒருவருக்கும் அதில் நஷ்டம் இல்லை, அவரைத் தவிர. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சமாதானம் வந்தது.

ஒச்சப்பன் எங்களிடமும் வந்தார். “மனசுல வச்சுக்காத சின்னக்காளை. ஊருக்காகப் பேச வேண்டியிருக்குல்ல” என்றார்.

மச்சான் சொன்னார், “நீ பேசுறது சரிதாண்ணே. எனக்கும் ஒரு ஊரு இருந்திருந்தா அதுவும் பேசியிருக்கும்.”

எங்கள் தலைவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9

கம்புகளை என்னைத்தான் கழற்றச் சொன்னார்கள். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் பக்கத்தில் நின்றார்கள். காய்ந்த பசையை அறுத்து, போல்ட்டைத் தட்டி எடுத்தேன். தலையாரி கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பின்பலகையில் எட்டுத் துளைகள். படகு அப்படியே தண்ணீரில் இறங்கினால் முழுகிவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் பிசினும் நாரும் கலக்க உட்கார்ந்தேன். இரண்டு நாளில் எனக்கு விமானம். துளைகளையாவது அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மச்சான் வந்து என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார்.

“அடைக்காத மாப்ள.”

“மழ பேஞ்சா பலகைக்குள்ள இருக்கிற மரம் ஊறிப் போகும் மச்சான்.”

“ஊறட்டும். அடைச்சுட்டா அவங்க சொன்னது சரின்னு ஆயிரும். கம்பு வரும். வர்ற வரைக்கும் துளை இருக்கட்டும்.”

அக்கா படகுக்கு மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டினாள்.

இங்கே திரும்பியதும் பிரியா பள்ளிக்கூடத்தில் இதை ஒரு பேச்சாகப் பேசினாள். இங்கிலீஷில், விடுமுறை அனுபவம் என்று. படகுக் கம்பை இரண்டு ஊர் சாமிக்காலாக நினைத்தது, தாசில்தார் பொத்தானை அமுக்கி விளையாடியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம், பரிசும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கதையில் மாமாவுக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டார்களா என்றேன். யோசித்துவிட்டு, இல்லை என்றாள். நீயாவது சொன்னாயா என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்றாள். அவள்மேல் கோபம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கும் போல. நானும் அவ்வளவு தூரத்தில்தானே இருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது.

10

ஆவணியிலும் புரட்டாசியிலும் மச்சான் வி.ஏ.ஓ.விடம் நடந்தார். தாசில்தாரைப் பாருங்கள் என்றார்கள். தாசில்தார் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் ஃபைலைப் படிக்க வேண்டும் என்றார்கள். தீபாவளி நெருங்குகிறது. ஊர்க்கூட்டம் போட்டு வேறு ஆளை நியமிக்கப் போகிறார்கள், ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள்.

இன்று மத்தியானம், காலையில் வந்த அந்தப் படகுக்காரர் போன பிறகு, அக்காவிடமிருந்து மறுபடியும் போன். மூச்சு வாங்கப் பேசினாள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் திங்கட்கிழமை. மச்சான் படகையே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். வரிசையில் நின்று, முறை வந்ததும், எழுதிக் கொண்டுபோன மனுவைக் கொடுக்காமல் வாயால் சொன்னாராம்.

“கம்பைக் கொடுங்கய்யா. இல்லாட்டி ஆபீசுலருந்து ஒரு ஆளை அனுப்புங்க. நான் வலை எடுக்கிற வரைக்கும் மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்.”

வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்ததாம். அதிகாரி சிரிக்கவில்லை. எழுத்தில் கொடு என்று வாங்கி, ஒரு கையெழுத்துப் போட்டு, அதே தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். மச்சான் வெளியே வந்து, டிராக்டரிலிருந்து படகை இறக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். போக்குவரத்துக்கு இடைஞ்சல், எடு என்று போலீஸ்காரர் சொல்லியிருக்கிறார். கம்பு வந்தால் படகு போகும் என்று சொல்லிவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாராம். அக்கா தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போகிறாள்.

நான் ஃபோர்மேன் வர்கீஸிடம் போய் லீவு கேட்டேன். ஜூலையில்தானே போய்வந்தாய் என்றார். இறப்பா, கல்யாணமா என்றார். இரண்டும் இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, மலையாளமும் அரபியும் தமிழும் கலந்து, ஆடிக்காற்றிலிருந்து ஆரம்பித்து. பட்டறையில் கையில் வேலை வைத்திருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் இம்புட்டு நேரம் பேசி அவர்கள் பார்த்ததில்லை. சம்பளம் கிடையாது, திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் வர்கீஸ். சரி என்றேன்.

வீட்டில் பையை எடுத்தபோது மனைவி கேட்டாள், போய் என்ன செய்யப் போகிறீர்கள், அவர்கள் கம்பைக் கொடுக்காவிட்டால்?

“மூங்கிலை நான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“மச்சான் வலை எடுக்கிற வரைக்கும்.”